இரண்டு வாசல் நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு இரண்டு பெயர், இரண்டு முகவரி. அது நாயின் குற்றம் இல்லை. காரைக்குடியில் எங்கள் பகுதி வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில்தான் முடியும். முன்வாசலுக்கு ஒரு தெரு, பின்வாசலுக்கு இன்னொரு தெரு, இரண்டுக்கும் தனித்தனிக் கதவு எண். முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவர் வந்து சேர்வதற்குள் வந்த விருந்தாளி ஊருக்கே திரும்பிவிடுவார் என்று எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் சொல்லுவார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. முன்வாசலில் ஒரு தடவை ஊற்றிவிட்டு, சைக்கிளில் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து பின்வாசலில் இன்னொரு தடவை ஊற்றவேண்டியிருந்த மனுசனின் வயிற்றெரிச்சல் அது. வீட்டுக்குள்ளேயே நடந்து வந்திருக்கலாம். ஆனால் நடுவில் தகரம் அடித்திருந்தது.

தகரத்தின் கதை சிறியது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நடுவீட்டில் கிடந்த ஊஞ்சலை யாரையும் கேட்காமல் பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டார். யாரைக் கேட்டுக் கொடுத்தீக என்று அப்பா கேட்டார். யாரைக் கேக்கணும் என்று பெரியப்பா கேட்டார். இரண்டு கேள்விக்கும் பதில் வரவில்லை, தகரம் வந்தது. முன்பாதி பெரியப்பாவுக்கு, பின்பாதி எங்களுக்கு. தகரம் அடிக்க வந்த ஆசாரிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் காபி கொடுத்தார்கள். இரண்டு பக்கமும், “அங்குட்டு என்ன சொல்றாக?” என்று விசாரிக்கவும் செய்தார்கள். அவர் இரண்டு பக்கத்திலும் காபி நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாக அம்மா இன்றைக்கும் மெச்சிப் பேசுவாள்.

மழைத் தண்ணீர் போவதற்காக ஆசாரி தகரத்துக்கு அடியில் ஓரமாக ஒரு சந்து விட்டிருந்தார். அந்தச் சந்து வழியாகத்தான் நாய் போய் வந்தது.

அது செவலை நிறத்தில் சாதாரண நாட்டுநாய். இடது காதில் மட்டும் ஒரு வெட்டு, நடத்துநர் கிழித்த டிக்கெட் மாதிரி. குட்டியாக வந்தபோது முன்வாசல் வழியாக வந்ததா பின்வாசல் வழியாக வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. பெரியப்பா வீட்டில் அதற்கு டைகர் என்று பெயர். எங்கள் வீட்டில் அம்மா அதை நிறத்தைச் சொல்லியே செவலை என்று கூப்பிட்டாள். காலையில் எங்கள் வீட்டு இட்லி, மதியம் அவர்கள் வீட்டுச் சோறு, ராத்திரிப் படுக்கை எங்கள் கிணற்றடி. தகரத்துக்கு அந்தப் பக்கம் “டைகர், டைகர்” என்று பெரியப்பா கூப்பிடுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். நாய் எழுந்து போகும். அப்பா செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்புவார். நாய் எங்கோ உலாத்தப் போயிருக்கிறது என்பது எங்கள் வீட்டின் அதிகாரபூர்வமான நிலை.

பெரியப்பாவின் மகள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன். அவளோடு பேசக்கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாத சட்டத்தை மீறினால்தான் அடி பலமாக விழும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடமும் வேறு வேறு. அதனால் நாங்கள் எழுதிக்கொண்டோம். பெரியப்பா நாய்க்கு வாங்கிப் போட்ட பெல்ட் இரட்டைத் தோல். பிரித்தால் உள்ளே மடித்த காகிதம் ஒன்று இருக்கும். நாய் சந்துக்குள் தலையை நீட்டியதும் நான் பெல்ட்டைக் கழற்றி, படித்து, பதில் எழுதிச் செருகி, ஆணியில் மாட்டிவிடுவேன். திரும்பிப் போகும்போது மாட்டி அனுப்புவேன். அந்த வீட்டுப் பெல்ட்டை இந்த வீட்டு நாய் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை என்பதால் நான் கழற்றுவதை யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த வருடம் பின்தெருவில் ஒரு வெறிநாய் வந்து கன்றுக்குட்டி ஒன்றைக் கடித்துவிட்டது. தெருவே கூடிப் பேசியது. எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஓய்வு பெறாதவர். அவர் வீடு வீடாக வந்து, தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாய் எதுவானாலும் திங்கட்கிழமை நகராட்சி வண்டியில் ஏற்றிவிடப்படும் என்று சொல்லி, நாய்க் கணக்கை எழுதிக்கொண்டு போனார். முன்தெருவிலும் அதே முடிவு. அங்கேயும் ஒரு நோட்டு இருந்திருக்கும்.

அதற்கு முன்பு நாய்க்கு ஊசி போடுவது என்றால் லேசில்லை. மாட்டாஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். நாயைக் கண்டதும் ஆட்டோக்காரர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். வீட்டுக்கே வரும் தனியார் டாக்டருக்குக் கொடுக்கிற பணத்தில் இன்னொரு நாயே வாங்கலாம் என்று அப்பா சொல்லுவார். இப்போது நல்ல காலமாக, எங்கள் வார்டுப் பள்ளிக்கூடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டார்கள். நாய், பூனை எதுவானாலும் ஊசி இலவசம். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ முன்தெருவில் சொல்லிக்கொண்டே போய், திரும்பி, பின்தெருவிலும் சொல்லிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு எல்லாம் இரண்டு தடவை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாய் சந்து வழியாக வந்தது. பெல்ட்டுக்குள் காகிதம் இருந்தது. “டைகருக்கு ஊசி போட்டாச்சு. இன்று குளிப்பாட்ட வேண்டாம். வெயிலில் விட வேண்டாம். சோறு கொஞ்சமாக வைக்கவும்.” கையெழுத்து அக்காவுடையதுதான். ஆனால் அக்காவின் கடிதங்களில் வழக்கமாக இத்தனை ‘வேண்டாம்’ இருக்காது. டீச்சரைப் பற்றி ஏதாவது இருக்கும், கீழே ஒரு பூ வரைந்திருக்கும். இதில் பூ இல்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நாய் பிழைத்தது என்ற சந்தோஷத்தில் காகிதத்தைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினால், அம்மா வாளியோடு நிற்கிறாள்.

“அந்தச் செவலையப் பிடி. நாலு பேரு வர்ற எடத்துக்கு இப்படியேவா கூட்டிட்டுப் போறது?”

அப்பா சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். முகாமுக்குத்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. டைகருக்குப் போட்டாகிவிட்டது, செவலைக்கு இன்னும் போடவில்லை.

நான் அன்றைக்குச் செய்யாத தந்திரம் இல்லை. எனக்கு வயிறு வலிக்கிறது என்றேன். அப்படியானால் நீ வீட்டில் இரு என்றாள் அம்மா. இல்லை, நாய்க்குத்தான் வயிறு வலிக்கிறது என்றேன். “டாக்டர்கிட்டத்தானத்தா போறோம்” என்றார் அப்பா. அதற்குள் அம்மா மூன்று வாளித் தண்ணீரை ஊற்றி, துணி சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள். அதோடு விடவில்லை. ஊசி போடப் போகிற ஜீவன் என்று அதன் நெற்றியில் விபூதியும் பூசினாள். காகிதத்தில் இருந்த கட்டளைகளில் முதலாவது என் கண்முன்னாலேயே சோப்பு நுரையாகச் சாக்கடையில் போனது.

என் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. அம்மாவின் டானிக் பாட்டிலில், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது என்று அச்சடித்திருந்ததை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் கூடினாலே ஆபத்து என்றால், ஒரே நாளில் இரண்டு ஊசி போட்டால் நாய் செத்துத்தான் போகும். அதைத் தடுக்க வேண்டுமானால் முதல் ஊசி எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லவேண்டும். சொன்னால் கடிதம் போகும், பெல்ட் போகும், அக்கா போவாள். ஒருவேளை அந்தச் சந்து வழியையும் அடைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் வரைக்கும் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இதையே கூட்டிக் கழித்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் கயிற்றை விட்டும் பார்த்தேன். ஓடு என்று காதில் சொன்னேன். அது என் காலடியில் உட்கார்ந்து ஈரத்தை உதறியது.

பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததும்தான் நாய்க்கு ஞானம் வந்தது. நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. அப்பா முன்னால் இழுத்தார், அது தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

“என்னண்ணே, ஏற்கெனவே வந்து பாத்த எடம் மாதிரி முழிக்குது?” என்றார் வாட்ச்மேன்.

“நாய்ன்னா அப்படித்தான்” என்றார் அப்பா.

வரிசை தெருவாரியாக நின்றது. முன்தெருவுக்கு ஒரு மேசை, பின்தெருவுக்கு ஒரு மேசை, நடுவில் ஊசியோடு டாக்டரம்மா. சிங்கம்புணரிப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு முன்னால் பாய் ஒருவர் பூனையைத் தலையணை உறைக்குள் போட்டு முகம் மட்டும் வெளியே தெரியக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பூனை எல்லோரையும் கோர்ட்டுக்கு இழுக்கப்போகிற மாதிரிப் பார்த்தது.

“பூனைக்குமா பாய் ஊசி?” என்றார் அப்பா.

“கடிச்சது பூனைதானேன்னு நோய் நம்மள விட்டுட்டா போகும்? என்னைத்தான் தெனம் பிறாண்டுது. எனக்குப் போடுறதவிட இதுக்குப் போடுறது சல்லிசு.”

எங்கள் முறை வந்தது. மேசையில் இருந்த உதவியாளர் தலை நிமிராமல் பெயர் கேட்டார்.

“எம் பேரா, நாய் பேரா?”

“நாய்க்குத்தானே ஊசி.”

“செவலை.”

“வயசு?”

அப்பா யோசித்தார். “ஊஞ்சல் வித்த வருசம் பொறந்தது.”

உதவியாளர் ஒரு கணம் அப்பாவைப் பார்த்துவிட்டு, நாயைப் பார்த்துக் குத்துமதிப்பாக மூன்று என்று எழுதிக்கொண்டார். டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். நாய் என் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தது. அதன் நெற்றி விபூதி என் பாவாடையில் ஒட்டியது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அதுக்குப் போட்டாச்சு” என்றேன்.

“எப்போ?” என்றார் டாக்டரம்மா.

“காலையில. டைகருக்குப் போட்டாச்சு.”

“டைகர்ங்கறது அவுக நாயாச்சே” என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் அது எந்த நாய் என்று அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். “ஒனக்கு யாரு சொன்னா?”

“நாய்தான் சொல்லுச்சு.”

நான் பொய் சொல்லவில்லை. கொண்டுவந்து கொடுத்தது அதுதான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் முன்தெரு நோட்டை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே இருந்தது: டைகர், செவலை நிறம், இடது காதில் வெட்டு. நோட்டிலிருந்து கண்ணை எடுத்து நாயின் காதைப் பார்த்தார், அப்புறம் அப்பாவின் முகத்தை.

“ஊசி போட்டா செத்துப் போயிருமா?” என்று கேட்டேன்.

“செத்தெல்லாம் போகாது. ஆனா தேவையில்லாம எதுக்குக் குத்தணும்?” என்று ஊசியை வேறு பக்கம் வைத்தார். “எப்படியோ, நாய்க்கு ஊசி போட்டாச்சு. போயிட்டு வாங்க.”

அப்பா நகரவில்லை. சீட்டு இல்லாமல் போனால் செயலாளரின் நோட்டுக்கு என்ன பதில் சொல்வது? திங்கட்கிழமை வண்டி வரும். டைகர் முன்தெருவில் தப்பிக்கும். செவலை பின்தெருவில் மாட்டும். இதை அப்பா பாதிதான் சொன்னார், மீதியைப் பாய் எடுத்துச் சொன்னார். எங்கள் வீட்டுத் தகரம் வரைக்கும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காரைக்குடி பெரிய ஊர் என்று யார் சொன்னது?

டாக்டரம்மா வாட்ச்மேனை அனுப்பிப் பெரியப்பாவைக் கூட்டி வரச் சொன்னார். பெரியப்பா சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அக்காவும் வந்தாள். அண்ணனும் தம்பியும் மேசைக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி விட்டு நின்றார்கள். அந்த இடைவெளியில் நாய் நின்று, இரண்டு பக்கமும் சரிசமமாக வாலை ஆட்டியது.

“டாக்டரம்மா, சீட்டு எம் பேருல வாங்கியாச்சுன்னு அவருட்டச் சொல்லுங்க” என்றார் பெரியப்பா.

“ராத்திரி எங்குட்டுப் படுக்குதுன்னு அவருட்டக் கேளுங்க டாக்டரம்மா” என்றார் அப்பா.

“மத்தியானச் சோறு எங்குட்டுத் திங்குதுன்னும் கேளுங்க.”

“காலையில இட்லி?”

டாக்டரம்மாவின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி ஓய்ந்தது. “இங்க பாருங்க, நான் நாய்க்குத்தான் டாக்டர். நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கங்க. பின்னால நாப்பது நாய் நிக்குது.”

எங்கோ ஒரு நாய் கொட்டாவி விட்டது. பெரியப்பா குனிந்து நாயின் முதுகில் கையை வைத்தார். கையை எடுத்து மோந்து பார்த்தார்.

“குளிப்பாட்டுனியா?”

மூன்று வருடங்களுக்குப் பிறகு என் அப்பாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அழுக்கா இருந்துச்சு” என்றார் அப்பா.

“ஊசி போட்ட நாயை எவனாச்சும் குளிப்பாட்டுவானா?”

“ஊசி போட்டது எனக்கென்ன தெரியும்?”

“இவள எழுதச் சொல்லித்தானே விட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன். கொடி இல்லாத கம்பத்தில் பார்க்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் விடாமல் பார்த்தேன்.

“எதுல எழுதி விட்டீக?” என்றார் அப்பா.

“பெல்ட்டுலதான். ஒம் மக இருக்காள்ல, அவகிட்டக் கேளு. ரெண்டு கழுதைகளும் தெனம் அதுலதானே தபால் நடத்துதுக.”

இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை வாங்கி, நின்று நிதானமாகப் படித்தார். நான்கு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடி விழும் என்று நான் காதைத் தயார் செய்தேன். விழவில்லை. “சோறு கொஞ்சமாத்தான் வைக்கணுமா?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் இல்லை, பெரியப்பாவிடம்.

டாக்டரம்மா சீட்டை வாங்கினார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் தம்பி இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா மெதுவாக, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டால் போதுமே என்றார்.

“ஜெராக்ஸ் செல்லாது” என்றார் டாக்டரம்மா. “இது ரெண்டு கதவு எண் உள்ள நாய். ஒரே சீட்டுல ரெண்டு விலாசமும் எழுதித் தாரேன். ஆனா ரெண்டு பேரும் என் முன்னால கையெழுத்துப் போடணும். வருசா வருசம் ஊசிக்கு ரெண்டு பேரும் நேர்ல வரணும். ஒருத்தர் வந்தா போட மாட்டோம்.”

உதவியாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டாக்டரம்மா அவரைப் பஞ்சு எடுத்துவர அனுப்பிவிட்டார்.

“மூணு மாசத்துக்கு ஒருக்கப் பூச்சி மாத்திரை இருக்கு. மாட்டாஸ்பத்திரியில சும்மாவே குடுப்போம். அதுக்கும் ரெண்டு பேரும்.”

“அதுக்குமா?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

“அதுக்கும்.”

கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவின் பேனா எழுதவில்லை. பெரியப்பா தன் பேனாவை எடுத்து, மேசைமேல் வைத்து, அப்பா பக்கமாகத் தள்ளிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சமாதானம் என்று யாரும் சொல்ல முடியாது. தகரம் இருந்தது. பால்காரர் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெல்ட்டுக்குள் ஒரு காகிதம் வரும். “வெள்ளி காலை பத்து மணி. மாத்திரை.” கையெழுத்து பெரியப்பாவுடையது. அப்பா கீழே “சரி” என்று எழுதி அனுப்புவார். நாளடைவில், உண்ணி பவுடர் தீர்ந்துவிட்டது, நகம் வளர்ந்திருக்கிறது, நேற்று ஒருமுறை தும்மியது என்று சமாச்சாரங்கள் கூடின. எங்கள் தபாலுக்குப் பெல்ட்டில் இடமில்லாமல் போய், நானும் அக்காவும் வேறு வழியின்றி நேரிலேயே பேச ஆரம்பித்தோம். அப்படி ஒரு கவனிப்பைக் காரைக்குடியில் வேறு எந்த நாட்டுநாயும் பார்த்திருக்காது. ஊசித் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை. முகாம் நாளில் ஒருவர் கயிற்றைப் பிடிப்பார், ஒருவர் குடை பிடிப்பார். போகிற வழியில் நாயைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள், வருகிற வழியில் மற்றவற்றையும் பேசுவார்கள். தகரத்தை எப்போது எடுத்தார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் பார்த்தேன், பாதியைக் காணோம்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் குடியிருப்புக்கே தடுப்பூசி வண்டி வந்தது. என் பூனையைக் கொண்டுபோனேன். ஊசி போட்டு, சீட்டை நீட்டி, கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். என் கணவர் அலுவலகம் போய்விட்டார், அவருடைய கையெழுத்துக்கு என்ன செய்வது என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். சீட்டுக் கொடுத்த பெண் விழித்தாள். “அவர் எதுக்கு மேடம்? அப்படி ஒரு ரூல் எங்கயும் இல்லையே.”

அன்று மாலை அப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த டாக்டரம்மா உங்கள் இரண்டு பேரையும் நன்றாக ஏமாற்றியிருக்கிறார் என்று, ஏதோ பெரிய துப்புத் துலக்கிவிட்ட குரலில் சொன்னேன். அப்பா அவசரப்படவில்லை.

“அது எங்களுக்கு மறு வருசமே தெரியும்த்தா. வரிசையில நின்னவுக எல்லாம் ஒத்த ஆளாத்தானே வந்து போட்டுட்டுப் போனாக.”

“பெரியப்பாவுக்கும் தெரியுமா?”

“அவருக்குக் கண்ணு இல்லையா?” என்றவர், பூனைக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாயா என்று பேச்சை மாற்றினார்.

அந்த வரிசையில் வருடா வருடம் நானும்தான் நின்றேன், இரண்டு பேருக்கும் நடுவில், நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. முன்னால் நின்றவர்கள் தனியாக வந்து, ஒரே ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவதை ஒவ்வொரு வருடமும் பார்த்தேன். அவர்கள் வீட்டுக்கு ஒரு வாசல்தான் இருக்கும், ஒரு கையெழுத்துப் போதும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.